எங்கும் போகாத மூன்று படிகள்

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து, 'எல்லாம் தெரிந்த மாதிரி அளந்தானே' என்று நினைக்க வேண்டாம்.

ஒரு வியாழக்கிழமை காலை, பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். சீருடைக்கு மேல் முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர். மடியில் துணிப்பை. பையின் வாயிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பின் ஒரு நுனி எட்டிப் பார்த்தது. போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் பேருந்தில் காதை எங்கே கழற்றி வைப்பது?

"வேற வார்டு வேணாம்னு சொல்லலண்ணா. எங்க போட்டாலும் போறேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்த வார்டுல போடுங்கன்னுதான் கேக்குறேன்."

மறுமுனையில் யாரோ நீளமாக, பொறுமையாகப் பேசுகிறார்கள் என்பது அவள் தலையாட்டிய விதத்தில் தெரிந்தது. கடைசியில், "அவங்களா என்னைக் கேக்க மாட்டாங்கண்ணா, அதானே விஷயம்," என்றாள். போனைப் பையில் போட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பெரிய மருத்துவமனை ஒன்றின் பக்கவாட்டு வாசலுக்கு நடந்தாள். பேருந்து கிளம்பத் தாமதமானதால் மிச்சத்தையும் பார்த்தேன். வாசலில் நின்று, எந்தப் பக்கம் போவதென்று அறிவிப்புப் பலகையைப் படித்தாள்.

தினம் வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பலகையைப் படிப்பதில்லை. அங்கேதான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியை நான் கட்ட வேண்டியிருந்தது. எப்படிக் கட்டினேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'மருத்துவமனையின் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே அவள் ஒரு

[நிறுத்திவிட்டேன். எந்த மருத்துவமனையில் இப்போது வெள்ளைச் சுவர் இருக்கிறது? எல்லாம் இளம்பச்சை, இல்லாவிட்டால் என்ன நிறமென்று சொல்ல முடியாத ஒரு நிறம்.]

இரண்டாவது: 'நர்ஸ்கள் பற்றாக்குறை இன்று எல்லா இடத்திலும் பேசப்படுகிற ஒரு

[இது கட்டுரை. கட்டுரைக்கு இறங்கிப் போகிற நிறுத்தம் கிடையாது.]

மூன்றாவது: 'அவள் கை தானாக மூன்றாவது இழுப்பறையைத் திறந்தது. உள்ளே கையுறை இல்லை.'

இது பிடித்திருந்தது. ஏனென்றால் இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பதினொரு வருடம் அவள் ஒரே வார்டில் நிரந்தர வேலையில் இருந்தாள். அங்கே கையுறை மூன்றாவது இழுப்பறையில் இருக்கும். வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியும் மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. புதுப்புது வார்டுகளில், அவசரத்தில், கை போய் மூன்றாவது இழுப்பறையைத்தான் இழுக்கும். உள்ளே பஞ்சு இருக்கும், அல்லது பழைய படிவங்கள், ஒருமுறை யாரோ பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். ஒவ்வொரு முறையும் அவள் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு மூடுவாள்.

ஏன் விட்டாள்? மகளுக்குப் புதன்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சி இருந்தது. நிரந்தர வேலையின் பட்டியலில் எல்லாப் புதனும் ஓய்வு கேட்டால் தலைக்கு மேல் கும்பிடு போட்டாலும் கிடைக்காது. மருத்துவமனைகளுக்கு அன்றன்றைக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சி கொடுத்தது. மகள் இப்போது வாய் மூடுவதில்லை. எனவே இந்தக் கதையில் ஏஜென்சியைத் திட்டப் போகிறேன் என்று யாராவது எதிர்பார்த்தால், மன்னிக்கவும்.

3

ஏஜென்சி எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. என் தங்கையின் கணவர், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அப்படிப்பட்ட ஒரு இடத்தில் ஆள் ஒதுக்கும் மேசையில் உட்கார்கிறார். கேட்டேன். அவ்வளவுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர் சொல்லக் கேட்பதைவிட எனக்குப் பெரிய சுகம் வேறில்லை.

சுருக்கிச் சொல்கிறேன். ஒரு வார்டில் இருபத்திரண்டு கட்டில். காலையில் ஐந்து நர்ஸ் வேண்டும். ஐந்து பணியிடத்தில் இரண்டு எட்டு மாதமாகக் காலி. மிச்சம் மூன்று பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். வார்டிலிருந்து மேசைக்குப் போன் வரும்: 'மூணு பேர் வேணும்.' மேசையில் ஒரு திரை, திரையில் ஒரு பட்டியல். யார் இன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், யாருக்கு எந்தப் பிரிவில் பழக்கம், யார் பக்கத்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை கூப்பிடுவார். அரை மணியில் ஆள் கிளம்பிவிடும்.

"ஒரு காலிக் கட்டம் விட்டு நகர்த்துற புதிர் இருக்கே மச்சான், அதுதான் எங்க வேலை. காலிக் கட்டத்தை இங்கேருந்து அங்க தள்ளலாம். அழிக்க முடியாது," என்றார்.

இதை அவர் சலிப்போடு சொல்லவில்லை. புதிர் பிடித்த ஆளின் குரலில் சொன்னார். அவர் தள்ளாவிட்டால் இருபத்திரண்டு பேருக்கு இரண்டே நர்ஸ் என்பது அவருக்குத் தெரியும்.

[அனுப்பப்பட்டவள் அறியாத வார்டில் முதல் பத்து நிமிடம் என்ன செய்வாள் என்றும் கேட்டேன். இதயம் நின்றால் தள்ளிக்கொண்டு ஓடும் வண்டி எங்கே, மருந்து அலமாரிச் சாவி யாரிடம், தீ வாசல் எங்கே. இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வாள். நான்காவதாக, இந்த வார்டில் யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பாள். இது மாப்பிள்ளை சொன்னதல்ல, நான் சேர்த்தது.]

அவர் இன்னொன்றும் சொன்னார். கதையின் அச்சாணி அதுதான், கவனித்துக்கொள்ளுங்கள். வார்டு, 'யாராவது மூணு பேர்' என்றும் கேட்கலாம், 'இன்னாரை அனுப்புங்க' என்று பெயர் சொல்லியும் கேட்கலாம். ஆனால் நர்ஸ் தன் பக்கமிருந்து, 'இன்ன வார்டுதான்' என்று கேட்டு வாங்க முடியாது. நாளைத் தேர்ந்தெடுக்கலாம். இடத்தை முடியாது.

புதன்கிழமை அவளுக்குக் கிடைத்தது. அதற்கு அவள் கொடுத்தது, ஒரு நோயாளி குணமாகி வீட்டுக்குப் போவதைப் பார்க்கும் உரிமை. ஒருநாள் காயத்துக்குக் கட்டுப் போடுவாள். ஆறியதா என்று தெரியாது. ஒருவரின் காய்ச்சல் நூற்றிரண்டில் இருக்கும்போது ஷிஃப்ட் முடியும். அது அவள் மனதில் இன்னமும் நூற்றிரண்டுதான்.

4

இனி மெக்கானிக்.

கட்டில் பதினான்கு. அறுபத்தொன்பது வயது. நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். அவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், இரண்டாவது மாடி. அந்தப் படிக்கட்டில் விழுந்துதான் இடது இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது, எலும்பு கூடிவிட்டது. மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டதால் அவரால் கீழே இறங்கி வர முடியாது. ஏழு வாரமாகப் போனில்தான் பேச்சு. ஆக, மெக்கானிக் படி ஏறினாலொழிய இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வழியில்லை.

வார்டின் கோடியில், ஜன்னலோரம், மரத்தால் செய்த பயிற்சிப் படிகள் உண்டு. மூன்று படி ஏறினால் ஒரு மேடை, அந்தப் பக்கம் மூன்று படி இறக்கம். இரண்டு பக்கமும் கம்பி. அது எங்கும் போகாது. ஆனால் உதவியில்லாமல் அந்த மூன்றில் ஏறி இறங்காத யாரையும் மாடி வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மூன்று ஏறத் தெரிந்த உடம்புக்கு முப்பத்தாறும் தெரியும் என்பது கணக்கு.

மெக்கானிக்கால் ஒன்றுகூட ஏற முடியவில்லை. எலும்பில் கோளாறு இல்லை, பயம். "ஒண்ணு, ரெண்டு," என்று பிசியோதெரபி செய்கிறவர் எண்ணுவார். கால் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

"நாப்பது வருஷம் ஊர் உலகத்தைப் படி ஏறாமக் காப்பாத்தினவன் நான். அந்தப் படியெல்லாம் சேர்ந்து இப்ப பழி வாங்குது," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கால் மட்டும் நகராது.

அவள் அந்த வார்டுக்கு வந்தது மூன்றே ஷிஃப்ட், மூன்றும் அடுத்தடுத்த நாட்கள். இரண்டாவது நாள் அவரைக் குளிப்பாட்டும்போது, சும்மா பேச்சுக்கு, கரண்ட் போனால் லிஃப்ட் ஏன் கீழே விழுவதில்லை என்று கேட்டாள். ஏழு வாரத்தில் அவரிடம் அவர் தொழிலைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை.

"எல்லாரும் தப்பா நினைக்கிறாங்கம்மா. கரண்ட் வந்து பிரேக் போடுதுன்னு நினைக்கிறாங்க. இல்ல. பிரேக் எப்பவும் போட்டபடிதான் இருக்கும், ஸ்பிரிங் கவ்விப் பிடிச்சிருக்கும். கரண்ட்தான் அதைத் திறந்து விடுது. கரண்ட் போச்சா, டக்குனு கவ்விக்கும். விழாம இருக்கறதுதான் அதோட இயல்பு. நகர்றதுக்குத்தான் முயற்சி வேணும்."

மூன்றாம் நாள் படி முன்னால் நின்றபோது அவள் எண்ணவில்லை. அவர் வலது கையை எடுத்துக் கம்பியில் வைத்து, "பிரேக் கவ்வியாச்சு சார். இனி விழ மாட்டீங்க," என்றாள். பிறகு லிஃப்டில் கேட்கும் அந்த உணர்ச்சியில்லாத குரலில், "தரைத்தளம்," என்றாள்.

கால் எழுந்தது. முதல் படி.

அவர் அழவில்லை. "குரல் கொஞ்சம் கட்டையா இருக்கணும்," என்று திருத்தினார். அன்றைக்கு அதோடு போதும் என்றார்கள். இரண்டாவது படி முதல் மாடி, மூன்றாவது படி இரண்டாம் மாடி, அதாவது வீடு என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

ஏஜென்சி நர்ஸ்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: நோயாளியிடம் நாளையைப் பற்றிப் பேசாதே. அவள் அதை மீறினாள்.

"ரெண்டாவது மாடிக்கு நான்தான் கதவு திறப்பேன் சார்."

மறுநாள் புதன். அடுத்த நாள் மேசை அவளை வேறு மருத்துவமனைக்கு அனுப்பியது. அதற்கடுத்த நாள் இன்னொன்றுக்கு.

5

இங்கே நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அந்தத் தந்திரத்தை அடுத்த ஷிஃப்ட்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

சொன்னாள். ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைப்பு என்று ஒன்று நடக்கும். போகிறவர் வருகிறவரிடம் ஒவ்வொரு கட்டிலையும் பற்றிச் சொல்வார். ஒவ்வொருவருக்கும் தாளில் ஒரு வரி. அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டவள் இன்னொரு ஏஜென்சி நர்ஸ். அவள் மறுநாள் வரவில்லை. தாளில் மிஞ்சியது: 'படி: 1, துணையுடன்.' லிஃப்ட் அந்த வரிக்குள் அடங்கவில்லை.

[இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவள் அந்த ஒப்படைப்புத் தாளை மறதியாகச் சீருடைப் பையில் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள், அது துணியோடு துவைபட்டு உருண்டையாகிறது, அவள் அதைப் பிரிக்கப் பார்க்கிறாள். அழகாக வந்திருந்தது. மாப்பிள்ளை படித்துவிட்டு, "தாளை வெளிய கொண்டுவந்தா அவ வேலையே போயிடும் மச்சான். உங்க அழகுக்காக அவ வயித்துல அடிக்காதீங்க," என்றார். எடுத்துவிட்டேன்.]

வார்டின் தலைமை நர்ஸை எல்லோரும் இன்சார்ஜ் என்பார்கள். முதல் வரைவில் நான் அவரைக் கெட்டவராக்கியிருந்தேன். இறுக்கிய கொண்டை, இரும்புக் குரல். மெக்கானிக் தினமும், "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க, ஏறுறேன்," என்று கேட்கிறார். இன்சார்ஜ் ஒரு போன் செய்து அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் போதும். செய்யவில்லை. ஏன்? கெட்டவர், அதனால் செய்யவில்லை என்று எழுதி வைத்திருந்தேன். சோம்பேறித்தனம்.

ஒரு வார்டு ஏன் பெயர் சொல்லிக் கேட்காது என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் சொன்னதை வைத்து இன்சார்ஜை மறுபடி எழுதினேன். கொண்டையை மட்டும் விட்டுவைத்தேன்.

அவர் இரண்டு நிரந்தர ஆள் கேட்டு எட்டு மாதமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். மேலிடம் என்ன பார்க்கும்? அன்றன்றைக்கு யாரோ வருகிறார்கள், வேலை நடக்கிறது, புகார் இல்லை. ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்து வார்டோடு பொருந்திவிட்டால், ஓட்டை இருந்த இடமே வெளியே தெரியாது. அதனால் அவர் வைராக்கியமாக, 'யாராவது மூணு பேர்' என்றுதான் கேட்பார். ஓட்டை ஓட்டையாகத் தெரிய வேண்டும்.

மெக்கானிக் மூன்றாவது முறை கேட்டபோது அவர் சொன்னது: "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதை தெரியுமா சார்? எனக்குச் சொந்தச் சேலை வேணும். அதுவரைக்கும் கந்தையோடதான் நிப்பேன்."

அதைக் கேட்டதிலிருந்து மெக்கானிக் அவளை 'இரவல்' என்றே குறிப்பிட ஆரம்பித்தார். "என் இரவல் எப்ப வரும்?"

இன்சார்ஜ் செய்தது தப்பா? எனக்குத் தெரியவில்லை. இந்த எட்டு மாதப் பிடிவாதத்தால் அந்த வார்டுக்கு இரண்டு பேர் வந்தால், அதனால் எத்தனை பேர் நடப்பார்கள் என்பது அவர் கணக்கில் இருக்கிறது. பதினான்காம் கட்டில் அந்தக் கணக்கின் வெளியே கிடக்கிறது.

6

ஒன்பது நாள் ஆயிற்று. கட்டிலுக்காக வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள். முடிவெடுத்துவிட்டார்கள்: வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குக் கடைசிப் படித் தேர்வு. ஏறினால் வீடு. ஏறாவிட்டால் திங்களன்று முதியோர் பராமரிப்பு இல்லம், தரைத்தளத்தில். வசதியான இடம்தான். மனைவி மட்டும் இரண்டாவது மாடியிலேயே இருப்பார்.

தேர்வு வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது? அந்த வார்டுக்கு அனுப்பப்பட்ட வேறொரு ஏஜென்சி நர்ஸ் சாப்பாட்டு மேசையில், "பதினாலுல ஒருத்தர், இரவல் இரவல்னு ஒரே புலம்பல், வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கடைசிப் படித் தேர்வாம், ஏறலேன்னா இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க போல," என்று பேச்சுவாக்கில் சொன்னாள். இவள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்.

வியாழன் காலை பேருந்தில் மேசைக்குப் போன் செய்தாள். அந்தப் பாதியை நீங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள்.

மத்தியான இடைவேளையில், இன்றைய மருத்துவமனையின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தாள். நோயாளியைப் பற்றி விசாரிக்கக் கூடாது. ஷிஃப்ட் முடிந்தவுடன் அவர் அவளுக்கு அந்நியர். தனியாகப் போய்ப் பார்க்கவும் கூடாது, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. ஒப்படைப்பில் ஏதாவது விட்டுப்போயிருந்தால், எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சேர்க்கலாம். சேர்த்தே ஆக வேண்டும் என்பது விதி.

வார்டின் எண்ணை அழுத்தினாள். இன்சார்ஜே எடுத்தார்.

"மேடம், போன வாரம் மூணு நாள் ஏஜென்சியிலேர்ந்து வந்தேன். என் ஹேண்டோவர்ல ஒரு வரி விட்டுப்போச்சு. கட்டில் பதினாலு."



"யாரு, இரவலா?"

இரவல் என்றது தன்னைத்தான் என்று அவளுக்குப் புரியவில்லை. "என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. ஒன்பது நாள் கழிச்சு ஞாபகம் வந்துச்சாக்கும். சொல்லு, எழுதிக்கிறேன்."

சொன்னாள். வலது கை கம்பியில். பிரேக் கவ்வியாச்சு என்று முதலில் சொல்ல வேண்டும். எண்ணக் கூடாது. படிக்கு ஒரு மாடி. குரல் கட்டையாக, உணர்ச்சியில்லாமல்.

பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே அவளுக்கு ஒரு செய்தி வந்துவிட்டது: காலிக் கட்டிலுக்கு யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

"மேடம், அவர்..."

"அதை நான் சொல்லக் கூடாது. உனக்கே தெரியும்." பேனா நின்றது. "மூணாவது படிக்கு என்ன சொல்லணும்?"

"ரெண்டாவது மாடி."

"மூணாவது படிக்கா?"

"தரைத்தளத்துலேர்ந்து ஆரம்பிக்கணும் மேடம். அவங்க வீடு ரெண்டாவது மாடி. அப்புறம், கதவு திறக்குதுன்னு சொல்லணும். அது நான் சொல்றதா இருந்துச்சு."

பேனா மறுபடி ஓடி முடிந்த பிறகுதான் இன்சார்ஜ் போனை வைத்தார். 

7

முடிவுகள்.

முதல் முடிவு: மாலையில் மேசையில் போன் ஒலிக்கிறது. இன்சார்ஜ், எட்டு மாத வைராக்கியத்தை விட்டு, அவளைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். வெள்ளி மூன்று மணிக்கு அவள் படியருகே நிற்கிறாள். மாப்பிள்ளை, "இப்படியும் நடக்கும் மச்சான், நானே பார்த்திருக்கேன்," என்றார். என் தங்கையும் இதையே வைக்கச் சொன்னாள். இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். ஆனால் பேருந்திலிருந்து இறங்கிப் பலகையைப் படித்த அந்த முதுகு நினைவுக்கு வந்துவிடுகிறது. அவளுக்கு நான் இனாமாக ஒன்றைக் கொடுத்தால், அவளுக்குக் கிடைக்காததெல்லாம் பொய்யாகிவிடும்.

இரண்டாவது முடிவு: அவர் ஏறவில்லை. இதை நான் எழுதவே

[இல்லை.]

மூன்றாவது: பல மாதம் கழித்து, ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்டில் அவளும் அவரும் தற்செயலாக... [வேண்டாம். லிஃப்டில் சந்திக்க வைப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது.]

யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. நானும் மூன்று ஷிஃப்டுக்கு வந்தவன்தான். பேருந்தில் கிடைத்த பாதியை இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்த வேலையில் முடிவைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கமில்லை. ஒப்படைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம்.

8

எனவே, ஒப்படைப்பு. கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டில் பதினான்கு, லிஃப்ட் மெக்கானிக். இடது இடுப்பு, எலும்பு கூடியாயிற்று. வலிக்கு மாத்திரை இரண்டு மணிக்குக் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை, மணி மூன்று. முகம் மழித்திருக்கிறார். இன்றைக்கு ஏனோ யாரையும் கேட்கவில்லை.

இன்சார்ஜ் பக்கத்தில் நிற்கிறார். கையில் ஒரு தாள். 'பிரேக் கவ்வியாச்சு' என்று படித்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு. மெக்கானிக் அவரைத் திரும்பிப் பார்த்தார், வெகு நேரம். பிறகு வலது கையைக் கம்பியில் வைத்தார். 'தரைத்தளம்' சரியாக வந்தது. 'முதல் மாடி' கொஞ்சம் நடுங்கியது. நடுங்கியது அவர் காலல்ல, இன்சார்ஜின் குரல்.

இப்போது இரண்டாவது படியில் நிற்கிறார். இன்சார்ஜ் தாளைப் பார்க்கிறார், கண்ணாடி மங்கியிருக்கிறது, அடுத்த வரி தெரியவில்லை.

மனைவி இரண்டாவது மாடியில், போனை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பாதி திறந்து வைத்திருக்கிறார்.

அவள் ஊரின் மறுகோடியில் வேறொரு வார்டில் இருக்கிறாள். சுவர்க் கடிகாரத்தை இப்போதுதான் பார்த்தாள். கை மூன்றாவது இழுப்பறையை இழுத்து, வெறும் பஞ்சின் முன்னால் நிற்கிறது. இங்கே நடப்பதை அவளிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது: எண்ண வேண்டாம். அவசரப்படுத்த வேண்டாம். குரல் கட்டையாக இருக்கட்டும்.

என் ஷிஃப்ட் முடிந்தது. அவர் கால் லேசாக எழுந்து, காற்றில் நிற்கிறது. அந்த வரி உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்.